சாகாத ஈஸ்ட்

ஈஸ்டுக்கு விஷம் கொடுத்துப் பிழைக்கப் பழக்குவதுதான் முஜ்கானின் வேலை. விஷம் என்றால் புற்றுநோய் மருந்து. குடுவையில் கொஞ்சம் விடுவாள். செத்தது போக மிஞ்சியதை எடுத்து, இன்னும் கொஞ்சம் கூடுதலான மருந்தில் வளர்ப்பாள். ஈஸ்ட் எந்த வழியில் தப்பிக்கிறது என்று தெரிந்தால், அதே மருந்துக்கு டிமிக்கி கொடுக்கும் புற்றுநோய் செல்களின் சூட்சுமமும் பிடிபடலாம். அதற்காகத்தான் உஸ்குதார் கரையிலிருந்து தினமும் படகேறி அக்கரையிலிருந்த பல்கலைக்கழகம் போய்வந்தாள்.

வசந்தத்தில் ஒரு குடுவை மட்டும் திடீரென்று முரண்டு பிடித்தது. எவ்வளவு மருந்து ஊற்றினாலும் நுரைத்துக்கொண்டு வளர்ந்தது. பேராசிரியை ஜாவிதானுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வியன்னா மாநாட்டில் பேச இடம் வாங்கிவிட்டு, அந்த ஈஸ்டின் மரபணுவைப் படித்துச் சொல்லும்படி வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினார்.

பதில் வந்த அன்று முஜ்கானைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உன் வீட்டுக்காரர் என்ன தொழில்னு சொன்ன?"

"ரொட்டிக்கடைங்க ஹோஜா." ஆசிரியர்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஜாவிதான் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். குடுவையில் இருந்தது அவர்கள் வளர்த்த ஈஸ்டின் வம்சமே இல்லை. ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்; பிறவியிலேயே அந்த மருந்துக்கு அசராதது. விடுமுறை நாட்களில் கடையில் மாவு பிசைந்த அதே கம்பளிச் சட்டையோடு முஜ்கான் ஆய்வகத்துக்கும் போயிருந்தாள். சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தது, குடுவையில் ஏற்கெனவே குடியிருந்த ஈஸ்டை விரட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

வியன்னா வாய்ப்பு போயிற்று. முஜ்கான் வீட்டுக்கு வந்து அழுதாள். கணவன் ரெம்ஸி முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள மெனக்கெட்டான், முடியவில்லை.

"அப்ப ஜெயிச்சது நம்ம கடை ஈஸ்டா?"

மறுநாளே தெருவுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. மருந்தையே ஜெயித்த ஈஸ்ட் என்று அவன் ரொட்டி சூடாக விற்றது. அவள் அவனோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

உறையவைத்திருந்த பழைய ஈஸ்டை எடுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். முதல் குடுவைகள் பூராவும் செத்தன. அடுத்தவை நோஞ்சானாகப் பிழைத்தன. நெடுநாள் கழித்து, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளக் கற்றுக்கொண்டது ஒன்று. இந்த முறை அது சொந்த வம்சம்தான். புற்றுநோய் செல்களும் இப்படி இறைக்கும் என்பது முன்பே தெரிந்த சங்கதி என்பதால் கட்டுரை ஒரு சின்ன இதழில் வந்தது. வியன்னாவிலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் மாடிவீட்டு நஸ்மியேவுக்குப் புற்றுநோய்க்காக அதே மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். படிக்கட்டில் மறித்து, ஆராய்ச்சி எப்படி என்று கேட்டாள்.

"நல்லா போகுதுக்கா. எவ்வளவு ஊத்தினாலும் இப்ப சாகறதில்ல," என்றாள் முஜ்கான். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது.

நஸ்மியே தலைத்துணியைச் சரிசெய்தாள். "எனக்குள்ள இருக்கறது சாகணும்னு நான் கிடக்கேன். அதுக்கு இதெல்லாம் சொல்லிக்குடுத்துடாதடி."

முஜ்கான் படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினாள். நஸ்மியே பொறுமையாகக் கேட்டாள்.

கோடையில் அவள் கட்டி சுருங்கிவிட்டது. எல்லாம் முஜ்கான் கண்டுபிடித்த மருந்தால்தான் என்று தெரு முழுக்கச் சொல்லி வீடு வீடாக அல்வா பங்கிட்டாள். முஜ்கான் இரண்டு வீடுகளில் மறுத்துப் பார்த்தாள். மூன்றாவது வீட்டில் அல்வாவைத் தின்றாள்.