சின்னம்மா மகளின் கையும் பியானோ சாவியும்

பியானோவைப் பற்றி எழுத எனக்கு எந்த உரிமையும் இல்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். பியானோவை ஒரு முறைகூடத் தொட்டதில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் ஏதாவது பேசச் சொன்னால், தண்ணீர் குடிக்கும் சாக்கில் உள்ளே போய்விடுவேன். விஷயம் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் என் மகன் கைபேசியில் ஒரு படம் காட்டினான். பியானோவுக்குச் சுதி சேர்க்கும் சாவி. எந்த நாட்டிலோ ஒருவர் கையாலேயே செய்து விற்கிறாராம். வழவழவென்று மரப்பிடி, அதன் முனையில் சின்ன எஃகுத் தலை. "ஏம்மா, மூஞ்சி ஒரு மாதிரி போவுது?" என்று கேட்டான். சொல்ல வெட்கமாக இருந்தது. இந்த வயதிலும் அதைப் பார்த்ததும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

சங்ககிரியில் அப்பாவுக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. லாரிகளுக்கு வேண்டிய புஷ், பின், ஆக்சில் வேலை எல்லாம் நடக்கும். பட்டறைக்குப் பின்னால் ஒரே அறைதான் எங்கள் வீடு. அம்மாவின் தம்பி, என் மாமா, மெட்ராஸில் ஒரு இசைக்கருவிக் கடையில் வேலை பார்த்துப் பியானோவுக்குச் சுதி சேர்க்கக் கற்றுக்கொண்டவர். ஏற்காட்டுப் பள்ளிக்கூடங்களிலும் சேலத்துச் சர்ச்சுகளிலும் இருந்த பியானோக்களுக்கு அவர்தான் வைத்தியர். லாரி ஊரில் இப்படி ஒரு தொழிலைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. "ரேடியோ ரிப்பேரா?" என்று கேட்பார்கள். மாமாவும் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

நான் சிறுமியாக இருந்தபோது ஒரு கோடையில் சின்னம்மா மகள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சின்னம்மா நெஞ்சு நோவு என்று ஈரோட்டுப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். சித்தப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனவர், எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாது. அவள் என்னைவிட ஒரு வயது சின்னவள். வந்த அன்றைக்கே அம்மாவுக்குப் பக்கத்தில், நான் படுக்கிற இடத்தில் படுத்துவிட்டாள். நான் சுவர் ஓரத்துக்குப் போனேன். அவளுக்கு மட்டும் முட்டை வெந்தது. எனக்கும் வேண்டும் என்று கேட்டால், "நீ தின்னுதின்னு என்னத்தக் கண்ட?" என்பாள் அம்மா.

அப்போதுதான் மாமாவின் பழைய சாவி தேய்ந்துபோனது. புதிதாக வாங்க வெளிநாட்டுக்கு எழுதிப் போட வேண்டும். "லாரிக்கே பாகம் பண்றேன், இந்தச் சுண்டுவெரல் சாவி என்னத்துக்கு ஆவும் மாப்ளே?" என்று அப்பா அந்த வேலையை எடுத்துக்கொண்டார்.

அப்பா செய்த முதல் சாவியை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். முழங்கை நீளம். குரோம் பூச்சு வேறு. மாமா அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

"மச்சான், இத வெச்சு பத்து டயர் வண்டிக்கு வீலே கழட்டலாமுங்க."

"அப்பறம்? கெட்டியா இருக்க வேண்டாமா?"

"கெட்டியாத்தான் இருக்கோணும். ஆனாப் பியானோ உசிரோட இருக்கோணுமுங்களே!"

அப்பா முகத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் லேத்தை வேண்டுமென்றே சத்தமாக ஓட்டினார். பிறகு இன்னும் இரண்டு செய்தார். ஒன்று தேக்குப் பிடி. அது மெலிதாக, வார்னிஷ் போட்டு அழகாக இருந்தது. மற்றது புளியமரப் பிடி. அது வார்னிஷ் இல்லாமல், உப்புத்தாள் மட்டும் தேய்த்து, பார்க்க அசட்டுத்தனமாக இருந்தது.

மாமா பழைய பியானோ ஒன்றிலிருந்து அறுத்தெடுத்த கட்டையைப் பட்டறை மேசையில் முடுக்கி வைத்திருந்தார். அதில் சதுரத் தலையுள்ள சில இரும்பு முளைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கம்பி சுற்றியிருந்தது. முளையைத் திருகினால் கம்பி இறுகும், சுதி ஏறும். ஒரு நாள் எங்கள் இருவரையும் அங்கே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"சாவிய எப்படிப் பாத்து எடுக்கோணும் தெரியுமா? பளபளப்பப் பாத்து எடுத்தா ஏமாந்தீங்க. மொதல்ல முளையில மாட்டி ஆட்டிப் பாக்கோணும். துளி ஆட்டம் இருந்தாலும் வேண்டாம். சாவி திரும்பும், முளை திரும்பாது. நாம திருகிட்டோம்னு நெனச்சுக்குவோம். அப்பறம் பிடி. வேர்த்த கையிலயும் வழுக்கக் கூடாது. கனமும் பாக்கோணும். ரொம்பக் கனமா இருந்தா முளை என்ன சொல்லுதுன்னு கைக்குத் தெரியாது."

பிறகு அவர் சொன்னதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

"புதுசா ஒரு சாவி எடுத்துட்டுத்தான் ஏற்காட்டுக்குப் போவேன். உங்க ரெண்டு பேர்ல யாரு சரியான சாவிய எடுத்து, கம்பியச் சரியாச் சேக்கறாளோ, அவள இந்தத் தடவ மலைக்குக் கூட்டிப் போறேன்."

சங்ககிரியில் கோட்டை மலை இருக்கிறது. அதில் ஏறினால் வெயில்தான். ஏற்காட்டில் பேசினால் வாயிலிருந்து புகை வரும் என்று மாமா சொல்லியிருந்தார். அந்தப் புகை எனக்கு வேண்டும்.

நான் தேக்குப் பிடியை எடுத்தேன். அவள் மூன்றையும் மாட்டி மாட்டி ஆட்டிப் பார்த்தாள். பாவாடையில் கையைத் துடைத்தாள், பிறகு எதையோ நினைத்துக்கொண்டு கையை நாக்கால் ஈரமாக்கி மறுபடியும் பிடித்துப் பார்த்தாள். கடைசியில் புளியமரப் பிடியை எடுத்தாள். மாமாவின் மீசை ஓரத்தில் அசைந்ததை நான் பார்த்தேன்.

அடுத்தது காது. சுதி ஒன்றாத இரண்டு கம்பிகளைச் சேர்த்து மீட்டினால் ஓசைக்குள் ஓர் அலை எழும்பும். முளையை மயிரிழை திருகத் திருக அலை மெதுவாகி, சுதி சேர்ந்ததும் நின்றுவிடும். நின்ற இடத்தைச் சொல்ல வேண்டும். எனக்கு அப்பாவின் லேத் சத்தம்தான் கேட்டது. ஆனாலும் விடுவேனா?

"நின்னுபோச்சு மாமா!"

"நான் இன்னும் மீட்டவே இல்லியே சாமி."

அப்பா லேத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கம்பிக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து வைத்திருந்தாள். மாமா மீட்டினார். "இன்னும் இல்லீங் மாமா... இன்னும் இல்லீங்... ம், இப்ப." அந்த "இப்ப" என்ற சொல்லை அவள் சொன்ன விதம் எனக்கு இன்றும் பிடிக்காது.

தோல்வியை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பியானோவில் ஒரு கம்பியைச் சேர்க்கும்போது பக்கத்துக் கம்பிகள் ஒலிக்காமல் இருக்க நடுவில் சின்ன ஆப்பு செருகுவார்கள். அதை நான் செய்து கொடுத்தால் மாமா மனம் இளகும் என்று தோன்றியது. என் நீல ரப்பர் செருப்பில் ஒன்றை எடுத்து அரிவாள்மணையில் ஆப்பு ஆப்பாக அறுத்தேன். அம்மாவிடம் முதுகில் இரண்டு வாங்கினேன். மாமா ஓர் ஆப்பை எடுத்து மோந்து பார்த்தார். "ஜோராத்தான் இருக்குது. ஆனா நாள்பட்டா ரப்பர் எளகிக் கம்பியில ஒட்டிக்கும் கண்ணு." அவள் கம்பளித் துணியை மடித்துத் தைத்த ஆப்புகளைத்தான் தன் சாவிப் பெட்டியில் போட்டுக்கொண்டார்.

அவளே போவதென்று ஆனது. என் வயிற்றெரிச்சல் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அதற்கப்புறம் வீட்டில் நடந்ததுதான் பெரிய அநியாயமாக இருந்தது. அவளுக்குப் பாவாடை சட்டை புதிதாக வந்தது. சேலத்திலிருந்து ஒரு ஸ்வெட்டர் வந்தது. தட்டும் டம்ளரும் புதிதாக வாங்கி, அப்பா பட்டறையில் வைத்து அதில் அவள் பேரைப் பொறித்தார். என் தட்டில் என் பேர் கிடையாது. எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் அம்மா மடித்து மடித்து வைத்தாள்.

"மலைக்குப் போயிட்டு வாரதுக்கு எதுக்கும்மா தட்டு? எதுக்குப் பொட்டி?"

"வாய மூடிக்கிட்டு இரு."

"எனக்கும் பேர் போட்டுத் தரச் சொல்லு."

"உனக்கு வேண்டாஞ் சாமி. உனக்கு அது வேண்டவே வேண்டாம்."

சண்டை போடும்போது அம்மா என்னைச் சாமி என்று கூப்பிட மாட்டாள். அதைக் கவனிக்கும் நிலையில் நான் இல்லை. ஸ்வெட்டரைத் திருட்டுத்தனமாக ஒருமுறை போட்டுப் பார்த்தேன். சித்திரை வெயிலில் வேர்த்துக் கொட்டியது. கழற்ற மனம் வரவில்லை.

கிளம்புகிற காலையில் அம்மா அவளுக்கு இரட்டைச் சடை போட்டுவிட்டு, சரியில்லை என்று அவிழ்த்து மறுபடியும் போட்டாள். பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, மாமாவின் சாவிப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தாள். நான் கை காட்டினேன். அவள் காட்டவில்லை. எவ்வளவு திமிர் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

எத்தனையோ வருடம் பியானோக்களுக்குச் சுதி சேர்த்தவர் மாமா. தனக்கு வேண்டிய சாவியை எடுக்க இரண்டு சிறுமிகளின் கை அவருக்கு எதற்கு? யாரோ ஒருத்தி ஜெயித்துத்தான் மலைக்குப் போக வேண்டும் என்று ஏன் ஏற்பாடு செய்தார்? ஜெயித்தவளாகப் போவது வேறு, கொண்டுபோய் விடப்படுவது வேறு என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், அவளுக்குத்தான் எல்லாம் கிடைக்கிறது என்றே நான் அழுதிருப்பேன்.

மறுநாள் சாயங்காலம் மாமா தனியாக வந்து பஸ்ஸிலிருந்து இறங்கினார். அவள் எங்கே என்று கேட்டேன். மலையில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதியிலேயே இனி இருப்பாள் என்றார். அங்கேயே இருக்கப் போகிறாளா என்று நான் ஆத்திரத்தில் ஓவென்று அழுதேன். தங்கச்சியைப் பிரிந்த ஏக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்து அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். இரவு எனக்கு முட்டை வெந்தது. நான் அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்தேன்.