குரலில்லாத வெள்ளிக்கிழமைகள்

திருக்கோகர்ணத்தில் பிரகதீஸ்வரி டீச்சர் என்றால் முதலில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது அவருடைய குரல்தான். புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். கடைசி பெஞ்சில் தூங்குகிற பிள்ளையும் தானாக எழுந்து உட்கார்ந்துவிடும், அப்படி ஒரு கணீர்க் குரல். ஓய்வுக்குப் பிறகு கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன ஹாலில், வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் பெண்களுக்குச் சைவ சித்தாந்தம் சொல்ல ஆரம்பித்தார்.

உயிரைப் பிடித்திருக்கும் ஆணவத்தைப் பற்றிப் பேசுகிற அன்றைக்கு ஹாலில் இடம் கிடைக்காது. 'நான்', 'என்னுடையது' என்ற இரண்டும் எப்படி நல்ல காரியத்துக்குள்ளேயும் புகுந்து உட்கார்ந்துகொள்கின்றன என்பதற்கு அவர் தன் கதையையே சொல்வார். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்துவிட்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நான் எடுத்துக் குடுத்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒருநாள் அம்மா அதை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, "சேலை கனக்கலடி. நீ எடுத்துக் குடுத்தேங்கிறதுதான் கனக்குது" என்றாராம். அந்த இடம் வரும்போது பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். டீச்சரும் கொஞ்சம் நிறுத்தி, துடைத்து முடிக்கட்டும் என்று காத்திருப்பார்.

போன வருஷம் அவருக்குத் தைராய்டு கட்டிக்கு ஆபரேஷன் நடந்தது. கட்டி போனது, கூடவே குரலும் போனது. வெறும் காற்றுதான் வந்தது. நரம்பு வீங்கியிருக்கிறது, திரும்பி வரலாம், மாசக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டர்.

வகுப்பை நிறுத்த யாருக்கும் மனசில்லை. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொன்னுத்தாயை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். "எனக்கு என்னங்க தெரியும்? டீச்சர் சொன்னதுல ஞாபகம் இருக்கிறதச் சொல்றேன்" என்று கூச்சத்தோடுதான் அவர் உட்கார்ந்தார். முன்வரிசையில் இருந்த டீச்சர் நல்ல மனசோடுதான் தலையாட்டினார். ஆனால் பொன்னுத்தாய் ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலங்களை முன்பின்னாக மாற்றிச் சொல்லும்போதெல்லாம் டீச்சருக்குச் சுருக்கென்றது. அதைவிட, அந்தத் தப்பை யாருமே கண்டுகொள்ளாதது இன்னும் சுருக்கென்றது. போகப் போகக் கூட்டம் குறையவில்லை, கூடியது.

ஒரு வெள்ளிக்கிழமை பொன்னுத்தாய் சேலைக் கதையைச் சொன்னார். "ஒரு அம்மாவுக்கு ஒரு மக இருந்தா" என்று ஆரம்பித்து, வேலைக்குப் போன மகள், பட்டுச்சேலை, எல்லாம். ஹாலே அழுதது. புதிதாக வந்த ஒரு பெண் பொன்னுத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கிருந்துங்க இப்பிடிக் கதையெல்லாம் புடிக்கிறீங்க?" என்றாள். பொன்னுத்தாய் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வேறு யாரோ அவரை அங்கிட்டு இழுத்துப் போய்விட்டார்கள்.

டீச்சர் விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தார். கணவர் ரெங்கசாமி டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்னோடது" என்றார் டீச்சர், தொண்டை வலிக்க.

"எது?"

"சேலை... என் சேலை."

"பீரோவுல இருக்கா பாரு. தேய்க்கக் குடுத்திருப்ப."

வேறு நாளாக இருந்தால் டீச்சர் சிரித்திருப்பார். அன்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தனக்கு வந்திருப்பது என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அதன் பெயர் தெரியும், குணம் தெரியும், எத்தனையோ பேருக்கு விளக்கிச் சொல்லியும் இருக்கிறார். தெரிந்ததால் எரிச்சல் ஒரு பொட்டும் குறையவில்லை. அடுத்து வந்த வெள்ளிக்கிழமைகளில் தொண்டை வலி என்று சொல்லி வகுப்புக்குப் போகவில்லை.

அப்படி வீட்டில் இருந்த ஒரு நாளில்தான் இருளாயி வந்தாள். ஜெகதாப்பட்டினத்துக்காரி. மீன்பிடிக்கப் போன அவள் புருஷன் நாகராசுவை, கடல் எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படைக்காரர்கள் படகோடு பிடித்து வைத்திருந்தார்கள். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க வந்தவள், திருக்கோகர்ணத்தில் அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். அக்காதான் அனுப்பியிருக்கிறாள்.

"ஆறுதலா ரெண்டு வார்த்தை சொல்லுவீங்கன்னாங்க டீச்சர்."

டீச்சர் தொண்டையைக் காட்டிக் கையை விரித்தார்.

"பரவால்லைங்க. அப்ப நான் சொல்றேன்" என்று இருளாயி அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவளும் ஒரு கொத்தை இழுத்து உருவ ஆரம்பித்தாள்.

"கடலுக்குப் போற அன்னிக்கு எங்களுக்குச் சண்டைங்க. ஒண்ணுமில்லாத சண்டை. போயிட்டு வாரேன்னு அவர் சொல்லல. அவரா சொல்லட்டும்னு நானும் வீம்பா நின்னுட்டேன். முதுகத்தான் பார்த்தேன். இப்ப கண்ண மூடினா அந்த முதுகுதான் வருது."

வீம்பு என்றதுமே டீச்சருக்குள் ஒரு சொற்பொழிவு எழும்பியது. பொருத்தமான சொல், உதாரணம், முடிவு எல்லாம் தயாராக வந்து தொண்டையில் முட்டி நின்றன. குரல் இருந்திருந்தால் கொட்டியிருப்பார். வேறு வழியில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இருளாயி அழுதாள், அழுகைக்கு நடுவே நாகராசு குறட்டை விடுவதைச் சொல்லிச் சிரித்தாள், மறுபடி அழுதாள். கேட்கக் கேட்க, முட்டி நின்ற சொற்கள் எப்போது கலைந்தன என்று டீச்சருக்குத் தெரியாது. அந்தப் பெண்ணின் முகம் மட்டும்தான் எதிரே இருந்தது. அவள் எழுந்து போன பிறகுதான், அத்தனை நேரமும் தன் தொண்டையையோ, பொன்னுத்தாயையோ, தன்னையோ ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்பது உறைத்தது. அது அவருக்குப் புதுசாக இருந்தது. மேடையில் பேசியபோது ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

இருளாயி அடிக்கடி வந்தாள். கொஞ்ச நாளில் நாகராசுவை விட்டுவிட்டார்கள், படகு வரவில்லை. "வந்துட்டாருங்க டீச்சர், மெலிஞ்சுபோயி வந்திருக்காரு" என்று ரெங்கசாமி எடுத்த போனில் அவள் கத்தியது அடுப்படியில் இருந்த டீச்சர் வரைக்கும் கேட்டது.

அந்த வாரம் டீச்சர் வகுப்புக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார். பொன்னுத்தாய் பேச்சை நிறுத்தி, "டீச்சர், இங்கிட்டு முன்னாடி வாங்க" என்றார். டீச்சர் இருந்த இடத்திலிருந்தே, நீங்க பேசுங்க என்று கையைக் காட்டினார். முடிந்ததும் பொன்னுத்தாய் ஓடிவந்தார்.

"அன்னிக்கு அது ஒங்க கதைன்னு சொல்லாம விட்டுட்டேன். தப்பா நெனச்சுக்கிட்டீங்களோன்னு மனசே ஆறல."

"நெனச்சேன்" என்றார் டீச்சர், அந்தக் காற்றுக் குரலில். "ரொம்ப நெனச்சேன்."

பொன்னுத்தாய் திகைத்துப்போய், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். டீச்சரும் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

இப்போது குரல் பாதி திரும்பியிருக்கிறது, கரகரப்பாக. இரண்டு பேரும் மாறி மாறி வகுப்பு எடுக்கிறார்கள். மற்ற நாட்களில் டீச்சர் வீட்டு அடுப்படியில் யாராவது ஒரு பெண் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாள். ஆணவம் போய்விட்டதா என்று கேட்டால் டீச்சர் இல்லை என்றுதான் சொல்வார். பொன்னுத்தாய் பேசுகிற அன்றைக்கு வருகிற கூட்டத்தை அவர் கண் இன்னும் தலை தலையாக எண்ணத்தான் செய்கிறது. எண்ணுவது தெரிந்ததும் எழுந்து, வாசல் பக்கம் உட்கார இடமில்லாமல் நிற்கிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடப் போய்விடுகிறார்.