பிடித்தம் வேண்டாம் என்றவர்

தேங்காய் பன்னின் ஓரத்தைக் கிள்ளி, டீ கிளாஸுக்குப் பக்கத்தில் தனியாக வைப்பார் அப்புசாமி. "இது சர்க்காரோட பங்குங்க" என்பார். பிறகு மீதிப் பன்னைத் தின்றுகொண்டே, டீத்தூளுக்கு ஒரு வரி, சர்க்கரைக்கு ஒரு வரி, அடுப்பு கேஸுக்கு ஒரு வரி என்று அடுக்குவார். "நாம குடிக்கறதுக்கு முன்னாடியே அவிய குடிச்சு முடிச்சர்றாங்க." கிள்ளி வைத்த துண்டை எறும்புகள் மொய்த்து ஆளுக்கொரு பக்கமாக இழுக்கும். அதையும் விடமாட்டார். "பாருங்க, திட்டம் போடறாங்க" என்பார். பேக்கரியே சிரிக்கும்.

அப்புசாமிக்கு ஐம்பத்து நான்கு வயது. ஊத்துக்குளியிலிருந்து தினமும் பைக்கில் திருப்பூர் வருகிறார். காங்கயம் சாலையை ஒட்டிய ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நீள மேசையில் அறுபது மடிப்புத் துணியை அடுக்கி, சாக்பீஸால் கோடு போட்டு, இடது கையில் இரும்புக் கையுறையோடு மிஷினை நகர்த்தினால் முதல் மடிப்புக்கும் கடைசி மடிப்புக்கும் நூலிழை வித்தியாசம் இருக்காது. காலை பத்தரைக்குள் புருவத்தில் பஞ்சு படிந்துவிடும். துடைக்க மாட்டார். எப்படியும் மறுபடி படியும் என்பது அவர் நியாயம். பேப்பரில் வரி, விலை, திட்டம் என்று எந்தச் செய்தி வந்தாலும் விடாமல் படிப்பார். பட்ஜெட் அன்று மதியச் சாப்பாட்டைத் தொடவே மாட்டார்.

நான் அதே கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்க்கிறவன். வருகைப் பதிவு, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. காகிதங்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஒன்பது வருடமாக அவர் பேச்சை டீயோடு சேர்த்துக் குடித்து வந்திருக்கிறேன். அதனால் அவரைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. கொஞ்சம் கூச்சமும் உண்டு. காரணம் பின்னால் வரும்.

அவருடைய பேச்சிலேயே பெரிய பேச்சு ஈ.எஸ்.ஐ. பற்றியது. தொழிலாளிக்கான அரசுக் காப்பீடு அது. நூறு ரூபாய் சம்பளத்தில் முக்கால் ரூபாய் பிடிப்பார்கள். முதலாளி அதைப்போல நாலு மடங்குக்கு மேல் கட்ட வேண்டும். அப்புசாமிக்கு அந்த முக்கால் ரூபாய் ஆகாது.

"ரோட்டுக்கு வரி கட்டறோம். அதே ரோட்டுல போறதுக்கு டோல் கட்டறோம். இதும் அப்படித்தானுங்க. ஆஸ்பத்திரிக்கு வரி கட்டியாச்சு. அப்புறம் எதுக்குச் சம்பளத்துல தனியா கை வெக்கறாங்க? நோவுன்னு வந்தா ஆராயிருந்தாலும் கார்டு கேக்காமப் பாக்கோணும். அதுதானுங்க கவர்மெண்டு."

எதிர்த்துப் பேச ஒரே ஆள்தான் உண்டு. பழனாத்தாள். மூலனூர்ப் பக்கத்துக்காரர். கணவர் இறந்தபின் மகளோடு திருப்பூருக்கு வந்து, இருபது வருடமாகத் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருப்பவர். டீயை இரண்டு மடக்கில் குடித்துவிட்டு, கிளாஸைக் கீழே வைக்காமலே பேசுவார்.

"பாக்கோணும்னு நீங்க சொல்றீங்க மாஸ்டர். பாக்கறாங்களான்னு கேளுங்க. இருக்கற கார்டையும் கிழிச்சுப் போட்டுட்டு நாங்க எந்த வாசல்ல போயி நிக்கறது?"

பெண்களுக்கு இலவச பஸ் விட்டபோதும் இருவருக்கும் பேச்சு நடந்தது. "ஒரு கைல புடுங்கி இன்னொரு கைல குடுக்கறாங்க அம்மிணி" என்றார் அப்புசாமி. "காலைல நான் ஏறி வந்தது அந்தப் பஸ்லதானுங்க. நீங்க பைக்குல வந்தீங்க" என்றார் பழனாத்தாள். அப்புசாமி வாய்விட்டுச் சிரித்தார். தன்னை மடக்குகிறவர்கள் மேல் அவருக்குப் பிரியம் அதிகம். பழனாத்தாள் லீவு போட்ட நாளில், "அம்மிணி வரலீங்களா? அப்ப இன்னைக்கு டீ எறங்காது" என்பார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஆர்டர்கள் குறைந்தன. முதலாளி ஒரு யோசனையோடு வந்தார். தையல்காரர்கள் எல்லோரும் கம்பெனிப் பதிவிலிருந்து விலகி, கான்ட்ராக்டில் பீஸ் ரேட்டுக்கு மாறிக்கொள்ளலாம். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எதுவும் பிடிக்க மாட்டார்கள். கைக்கு வருவது கூடும். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால் போதும். கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் காப்பீடு உண்டு என்று சட்டம் சொல்வது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சம்மதக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான்தான்.

மதியம் எல்லோரும் கட்டிங் மேசையைச் சுற்றிக் கூடினார்கள். பழனாத்தாள் வேண்டாம் என்றார். நாலைந்து பெண்கள் அவர் பக்கம் நின்றார்கள். அப்புசாமியை யாரும் பேசச் சொல்லவில்லை. அவராகத்தான் எழுந்தார். அரை மணி நேரம் பேசினார். வரியில் ஆரம்பித்து டோலுக்கு வந்து ஆஸ்பத்திரியில் முடித்தார். கடைசியில் பழனாத்தாளைப் பார்த்துத் திரும்பினார்.

"அம்மிணி, அந்த ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்கு எத்தன தடவ போயிருக்கறீங்க?"

"மூணு தடவைங்க."

"என்ன குடுத்தாங்க?"

"மாத்திர."

"மூணு தடவையும்?"

"மூணு தடவையும் அதே மாத்திரதானுங்க."

"நோவு போச்சுங்களா?"

"எங்க போச்சு. கூடவேதான் ஓவர்லாக் அடிச்சுட்டிருக்குது."

கூட்டம் சிரித்தது. பழனாத்தாளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கடிதம் சுற்றி வந்துவிட்டது. முப்பத்தொரு கையெழுத்து. பழனாத்தாளுடையது கடைசி.

காய்ச்சல் மாத்திரையைப் பற்றித்தான் அன்று பேசினோம். ஈ.எஸ்.ஐ.யில் இருக்கிறவர் படுத்துவிட்டால் சம்பளத்தில் பெரும் பங்கு வீட்டுக்கு வரும் என்பதையும், பெரிய நோய் என்றால் அது மாதக்கணக்கில் வரும் என்பதையும் யாரும் பேசவில்லை. அப்புசாமிக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

அடுத்த வருடம் தீபாவளி ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தபோது பழனாத்தாளின் வலது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. லீவு போட்டால் அன்றைய கூலி இல்லை. மகள் அனுப்ரியா பி.காம். முதல் வருடம். பொங்கல் போகட்டும், பரீட்சை போகட்டும் என்று எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் துணிக்கட்டைத் தூக்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் தெரிந்தது. கோவை அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தார்கள், ஏழு மாதம் மருந்து ஏற்றினார்கள். ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. நன்றாகவே பார்த்தார்கள். அப்புசாமி சொன்ன அந்த கவர்மெண்டு அங்கே இருக்கத்தான் செய்தது. ஆனால் ஏழு மாத வாடகைக்கும் அரிசிக்கும் அங்கே வழி கிடையாது. டாக்டர் ஒன்றுதான் சொன்னாராம்: "ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு எடுத்திருக்க வேண்டாம்மா."

பழனாத்தாள் பிழைத்துக்கொண்டார். அறுவைக்குப் பிறகு வீங்கிய வலது கை அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கையால் இனி மிஷினில் துணி தள்ள முடியாது. அனுப்ரியா கல்லூரியை நிறுத்திவிட்டு, அம்மாவின் மிஷினில் வந்து உட்கார்ந்தாள். அந்த மிஷின் கட்டிங் மேசைக்கு நேர் எதிரே இருக்கிறது.

அவள் வந்த முதல் நாள் அப்புசாமி பனியனின் கைப் பகுதியை அளவு மாற்றி வெட்டிவிட்டார். அறுபது மடிப்பும் வீண். நான் பார்த்த ஒன்பது வருடத்தில் அது ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு பழனாத்தாள் வீட்டுக்குப் போனார். ஒரு போசி நிறைய ஊத்துக்குளி நெய் கொண்டுவந்திருந்தார். லைன் வீட்டின் முதல் அறையில் பழனாத்தாள் கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புசாமி கீழேயே உட்கார்ந்தார். இவ்வளவு பேசுகிற மனிதர், ஆரம்பிக்கத் தெரியாமல் போசியின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"அம்மிணி, அன்னைக்கு நான் பேசுனது…"

"அத வுடுங்க மாஸ்டர்."

"இல்லீங்க, சொல்லிப் போடறனுங்க. என்ற பையன் பிரதீப்பு கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனில இருக்கறானுங்களே, அவிய கம்பெனில எனக்கும் என்ற ஊட்டுக்காரி மயிலாத்தாளுக்கும் சேத்துக் காப்பீட்டுக் கார்டு குடுத்திருக்கறாங்க. பித்தப்பைல கல்லுன்னு போன வருசம் மயிலாத்தாளுக்கு ஆப்ரேசன் பண்ணுனமே, கார்டக் காட்டுனோம், ரெண்டு நாள்ல ஊட்டுக்கு வந்துட்டோம். உங்ககிட்ட வேண்டாம்னு பேசுன அன்னைக்கும் அந்தக் கார்டு என்ற பாக்கெட்டுலதானுங்க இருந்துச்சு. அது நெனப்பே வரலீங்க."

பழனாத்தாள் வீங்கிய கையைத் தலையணையில் சரிசெய்து வைத்தார். வெளியே யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நானுந்தானுங்க சிரிச்சேன்" என்றார் பிறகு. "எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. அதுலயே கையெழுத்தும் போட்டுட்டேன். உங்க மேல மட்டும் எப்படீங்க பழி போடறது?"

அப்புசாமி தலையை ஆட்டினார்.

"ஆனா ஒண்ணு மாஸ்டர். ஒடம்பு போனது போகட்டுங்க. புள்ள படிப்ப வுட்டது மட்டும் எனக்கு ஆறவே மாட்டேங்குது. அத நெனச்சா வெசனமா இருக்குது."

பழனாத்தாள் கொடுத்த மோர் அப்படியே இருந்தது. திரும்பும்போது அப்புசாமி பைக்கைக் கிளப்பவில்லை. மெயின் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார். நானும் பக்கத்தில் நடந்தேன். கடிதம் அடித்தது நான்தான் என்று பழனாத்தாளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவர் முதலாளியைப் பார்க்கப் போனார். எல்லோரையும் பழையபடி பதிவில் சேர்க்கச் சொல்லிக் கேட்டார். முதலாளி கோபப்படவில்லை, நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"மாஸ்டர், நான் கூப்புட்டுச் சொன்னப்ப ஆரும் ஒத்துக்கலீங்க. நீங்க பேசுனதுக்கப்புறந்தான் ஒத்துக்கிட்டாங்க. இப்ப நீங்களே வந்து கேட்டா நான் என்னங்க பண்றது?"

அப்புசாமி எழுந்து வந்துவிட்டார். அதன் பிறகு பேக்கரியில் பன்னைக் கிள்ளவில்லை. முழுதாகத் தின்றுவிட்டு எழுந்துவிடுவார். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யை எடுத்துவிட்டார்கள் என்று பேப்பரில் வந்த அன்று, நாலு பேர் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "என்ன சொல்றீங்க மாஸ்டர், இது நமக்கு நல்லதுங்களா?" என்றார்கள். "தெரியலீங்க" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அனுப்ரியாவுக்குத் தொலைநிலைக் கல்வி விண்ணப்பம் ஒன்று வாங்கி வந்து கொடுத்தார். பணமும் தானே கட்டுவதாகச் சொன்னார். "பாக்கறனுங்க மாஸ்டர்" என்று வாங்கி வைத்தாள். பிறகு அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

போன மாதம் ஒரு புதிய வெளிநாட்டு ஆர்டர் வந்தது. பனியன் வாங்குகிறவர்கள் முதலில் ஆட்களின் நிலையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஆடிட் என்று இரண்டு பேர் வந்து, எத்தனை பேருக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது என்று கேட்டார்கள். அடுத்த வாரமே எல்லாத் தையல்காரர்களையும் பதிவில் சேர்க்கச் சொல்லி முதலாளி உத்தரவு போட்டார். அப்புசாமி கெஞ்சிக் கிடைக்காதது, கடல் தாண்டி இருக்கும் யாரோ கேட்டதும் கிடைத்துவிட்டது. "எப்படியோ வந்துச்சுங்களே" என்றார் அப்புசாமி.

விண்ணப்பம் நிரப்பும் நாள் என் மேசையைக் கட்டிங் அறைக்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். பலர் தயங்கினார்கள். கைக்கு வருவது மறுபடி குறையுமே என்று முணுமுணுப்பு. புதிதாகச் சேர்ந்த ஜெயபாரதி என்ற பெண் நேராக அப்புசாமியிடமே போய், "மாஸ்டர், பிடித்தம் வேண்டாம்னு எழுதிக் குடுத்தரட்டுங்களா?" என்று கேட்டாள். எல்லோரும் அவர் பேசுவார் என்று பார்த்தார்கள். அவர் மிஷினை நிறுத்திவிட்டு வந்து வரிசைக்குப் பக்கத்தில் நின்றார். "கையெழுத்துப் போடு கண்ணு" என்றார்.

அனுப்ரியாவின் முறை வந்தது. கம்பெனி விண்ணப்பத்தை நான் கேட்டுக் கேட்டு நிரப்பினேன்.

"படிப்பு?"

"பி.காம்., ரெண்டாம் வருசம்" என்றாள். பிறகு, "ப்ளஸ் டூன்னே போட்டுக்கோங்க அண்ணா."

அப்புசாமி தரையைப் பார்த்தார்.

"உன்னை நம்பி இருக்கறவங்க?"

"அம்மா."

அம்மாவின் பெயரை அவளையே எழுதச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தேன். தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. தாள் எழும்பி எழும்பி அவள் கையைத் தட்டியது. இரண்டு முறை எழுத்து கோணிற்று. அப்புசாமி ஒரு அடி முன்னால் வந்து குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தாளின் இரு ஓரத்திலும் அழுத்தி வைத்தார். அவள் கடைசி எழுத்தை எழுதி முடித்துப் பேனாவை மூடிய பிறகும் கைகளை எடுக்காமல் அப்படியே நின்றார்.