அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த மீன்

ஆபரேஷன் வேண்டாம் என்று நான் சொன்னதும் வீட்டில் பேச்சு நின்றுபோனது. இதயத்துக்குப் போகும் குழாய்களில் அடைப்பு, பைபாஸ் செய்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். என் அப்பா இதே ஆபரேஷனுக்குத் தன் காலால் நடந்து உள்ளே போனவர். முகம் மூடித்தான் வெளியே வந்தார். எனக்கு அது வேண்டாம், இருக்கிற வரைக்கும் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பிடிவாதமாக இருந்தேன். வங்காளத்தில், எங்கள் டாக்குரியா ஃபிளாட்டில் மாடிப்படியைப் பார்த்தாலே பயம். பால் வாங்கக்கூட இறங்குவதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

தை மாதத்தில் எனக்கு அறுபது முடிந்தது. எங்கள் வழக்கப்படி அன்று அதே மனைவிக்கு மறுபடி தாலி கட்ட வேண்டும்.

"பாதி உசிரா கெடக்கறவனுக்குக் கல்யாணம் ஒரு கேடா?" என்றேன்.

"ஆபரேஷனைத்தான் வேண்டாம்னுட்டேள். இதையாவது எனக்காகப் பண்ணிக்கோங்கோ" என்றாள் மனைவி. சரி என்றேன்.

மொட்டை மாடியில் சின்னதாகப் பந்தல், நெருங்கிய உறவினர் மட்டும் என்று முடிவு செய்தோம். ஆனால் கீழ் ஃபிளாட் பௌதியிடம் மனைவி வாயை விட்டுவிட்டாள். பௌதி என்றால் வங்காள மொழியில் அண்ணி. என்னைவிடச் சின்னவள்தான், ஆனாலும் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். தாதாவுக்கு, அதாவது அண்ணனான எனக்கு, கல்யாணம் என்று கேட்டதுதான் தாமதம், கட்டடத்தையே இரண்டாகப் பிரித்துவிட்டாள். கீழ் மாடிக்காரர்கள் பெண் வீடு, மேல் மாடிக்காரர்கள் மாப்பிள்ளை வீடு!

கல்யாணத்தன்று காலை என்னை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிப்போனார்கள். ஹோமம் நடந்துகொண்டிருந்தபோது படியில் சங்கு முழங்கியது. பெண் வீட்டுச் சீர் வந்துகொண்டிருந்தது. முன்னால் பௌதி, கையில் பெரிய தாம்பாளம். அதில் முழுசாக ஒரு ரோகு மீன். சிவப்புப் புடவை கட்டி, மூக்குத்தி போட்டு, பந்தலைப் பார்த்துப் படுத்திருந்தது.

சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்திவிட்டார். நெய்க் கரண்டி அந்தரத்தில் நின்றது. சென்னையிலிருந்து வந்திருந்த என் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டாள். வங்காளிகளின் கல்யாணச் சீரில் மணப்பெண்ணாக அலங்கரித்த மீன் உண்டு என்று எனக்குத் தெரியும். அது எங்கள் அக்னிக்கு முன்னால் வந்து நிற்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"மிஷ்டி, தாதா, மிஷ்டி! எல்லாம் சந்தேஷ்!" என்று பௌதி கத்தினாள். வாலை ஒடித்துக் காட்டினாள். உள்ளே வெள்ளை வெளேரென்று பால் இனிப்பு.

சாஸ்திரிகள் கொஞ்சம் குனிந்து மோந்து பார்த்தார். "ஹோமம் முடியட்டும்மா. தலைப்பக்கம் எனக்கு எடுத்து வை" என்றார்.

நான் சிரித்தேன். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தேன். மனைவி பயந்துபோய் என் மார்பில் கை வைத்துப் பார்த்தாள். இதயம் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்தது கலச நீர். அந்தக் குளிரில் உறவினர்கள் வரிசையாக வந்து எங்கள் தலையில் ஊற்றினார்கள். "அம்மாடி!" என்று அலறினேன். பௌதியும் அவள் கூட்டமும் குலவையிட்டார்கள். பல் கிட்டியது, உடம்பெல்லாம் நடுங்கியது, என்ன ஆனந்தம் அது! இன்னும் ஊற்றுங்கள் என்றேன்.

பிறகு தாலி. மனைவி ஈரத் தலையைக் குனிந்தாள். முதல் கல்யாணத்தில் வெட்கத்தில் அவள் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். என் ஆயுசைத்தான் கேட்கிறாள் என்று புரிந்தது. இவளை விட்டுவிட்டு எங்கே போக அவசரப்பட்டேன்? மூன்று முடிச்சையும் நானே இறுக்கிப் போட்டேன்.

"சாஸ்திரிகளே, இதுக்கு அடுத்தது எப்போ?"

"எழுபதுல. பீமரத சாந்தி."

"அதுக்கும் நீங்கதான் வரணும். இப்பவே சொல்லிட்டேன்."

மனைவி சட்டென்று நிமிர்ந்தாள். ஈரக் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள், டாக்டர் நம்பரைப் போட்டு என்னிடம் நீட்டினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பயம் அப்படியேதான் இருந்தது.

"டாக்டர், நான்தான்" என்றேன். "ஆபரேஷனுக்கு எப்போ வரட்டும்?"