தறியைக் காட்டாத டிவி

ஆரணியில் சந்திரமோகனைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் இன்று காலையில்தான் பிறந்திருக்க வேண்டும். அப்படியே பிறந்திருந்தாலும் சாயங்காலத்துக்குள் சந்திரமோகன் அவர் பேரைச் சொல்லி டிவியில் வாழ்த்துப் படித்திருப்பார்.

கமண்டலா டிவி என்ற எங்கள் ஊர் கேபிள் சேனலுக்கு முதலாளி, மேனேஜர், கேமராக்காரர், செய்தி படிப்பவர், சாயங்காலம் ஆபீஸைக் கூட்டுபவர் எல்லாமே அவர்தான். கார்டில் 'நிர்வாக இயக்குநர்' என்று அச்சடித்து வைத்திருக்கிறார். இயக்குவதற்கு இன்னொரு ஆள்தான் இதுவரை கிடைக்கவில்லை. தூங்கிக்கொண்டே கேமரா பிடிப்பார், தூங்கிக்கொண்டே கரண்ட் பில் கட்டுவார். அவர் விட்ட கொட்டாவிகளை வரிசையாகக் கட்டினால் தெள்ளார் வரைக்கும் போய்த் திரும்பி வரும். அந்த டிவிக்குக் கம்பம் ஏறி ஒயர் இழுத்தவன் நான். மேலே இருந்து பார்க்கிறவனுக்கு ஆள் நன்றாகத் தெரியும்.

சந்திரமோகன் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. அப்பா தறியில் உட்காரச் சொன்னால் இவர் கால் மட்டும் தெருவில் இருக்கும். வாடகைக்கு ஒரு கேமரா எடுத்துக் கல்யாண வீடுகளுக்குப் போனார். பிறகு நாலு தெருவுக்குக் கேபிள் கனெக்‌ஷன் கொடுத்தார். பிறகு சொந்த சேனல். அதில் அவர் கண்டுபிடித்த தொழில் ரகசியம், டிவி பார்ப்பவன் ஊர் சேதிக்காகப் பார்ப்பதில்லை, தான் அதில் வந்தோமா என்றுதான் பார்க்கிறான் என்பது. அதனால் கல்யாணப் பந்தியில் ஒரு இலையை விடமாட்டார். ரசத்துக்கு வாய் திறந்தவன் மூடுவதற்குள் மூன்று தலைமுறைக்குப் போதுமான அளவு படம் எடுத்துவிடுவார்.

பிறந்தநாள் வாழ்த்துக்குக் காசு வாங்குவார், சாவுச் செய்திக்கு வாங்கமாட்டார். தரும சிந்தனை என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிடாதீர்கள். செத்தவர் வீட்டில் அடுத்த வருஷமே ஒரு கல்யாணம் வரும், அந்த விளம்பரம் வேறு எங்கே போகும் என்பது அவர் கணக்கு.

இவ்வளவு பேசுகிற ஆள் ஒரு விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வார். வெளியூரிலிருந்து கேமராவோடு வருகிற அத்தனை பேரும் நேராகத் தறிக்குத்தான் ஓடுவார்கள். பட்டு நெய்கிற ஊரின் சொந்த டிவியிலோ ஒரு தறிகூட வராது. அதற்குக் காரணம் உண்டு.

சேனல் புதிதாக இருந்த காலத்தில், ஒரு தீபாவளிக்கு முன்னால், காட்ட ஒன்றும் இல்லாமல் முள்ளிப்பட்டுக்குப் போனார். அங்கே சிவப்பிரகாசம் வீட்டுத் தறியில் ஒரு கல்யாணப் புடவை பாதி நெய்தபடி இருந்தது. இலந்தைப் பழ நிறம், கரையில் வண்ணத்துப்பூச்சி. பாவு நூலும் பட்டும் கொடுத்து நெய்யச் சொன்ன முதலாளி, முகூர்த்த மாதம் வரைக்கும் வெளியே காட்டக்கூடாது என்று வைத்திருந்த புது டிசைன் அது. சந்திரமோகன் கேட்கவும் இல்லை, சிவப்பிரகாசத்துக்குச் சொல்லவும் தோன்றவில்லை. கேமராவைக் கரைக்குக் கிட்டே கொண்டுபோய், பூச்சியின் மீசையை எண்ணுகிற அளவுக்கு எடுத்தார். பெருமையில் அதைத் தினமும் திரும்பத் திரும்பப் போட்டார். அந்த வாரம் முடிவதற்குள் ஊரிலுள்ள விசைத்தறிகள் எல்லாம் அதைக் காப்பியடித்து வண்ணத்துப்பூச்சியாகப் பறந்தன. முதலாளி சிவப்பிரகாசத்துக்குப் பாவு கொடுப்பதை நிறுத்திவிட்டார். தறி காலியாகக் கிடக்க, அந்த மனிதர் ஹோட்டலில் இலை எடுக்கப் போனார். சந்திரமோகனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இவர் அப்போதே தூங்கியிருப்பார். அன்றிலிருந்து கமண்டலா டிவியில் தறி கிடையாது.

இப்போது கேபிளைப் பிடுங்கிவிட்டு எல்லாரும் போனையே பார்க்கிறார்கள். நான் கட்டின ஒயரை நானே அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த நேரத்தில்தான் சென்னை டிவி கம்பெனி ஒன்றிலிருந்து ஆகாஷ் என்ற பையன் வந்தான். மரியாதையான பையன், ஆபீஸ் நாற்காலி ஆடியதைக்கூடப் பார்க்காதது போல உட்கார்ந்தான். சேனலைப் பேரோடு கம்பெனி எடுத்துக்கொள்ளும், கேமராவுக்கும் செய்திக்கும் ஆள் போடும், சந்திரமோகன் மாதச் சம்பளத்தில் மேற்பார்வை மட்டும் பார்த்தால் போதும் என்றான். முதலில் ஒரு மாதிரி நிகழ்ச்சி வேண்டும், கம்பெனிப் பெரியவர்கள் அதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார்கள். அரை மணி நேரம், தறியும் புதுப் புடவையும், நல்ல குளோசப்பில்.

சந்திரமோகன் கோவில் கோபுரத்தைச் சொன்னார், தேர்த் திருவிழாவைச் சொன்னார். ஆகாஷ் சிரித்தான்.

"ஆரணின்னா பட்டு தானே சார்."

வீட்டில் அவர் மனைவி சாவித்திரி அக்காவுக்கு விஷயம் தெரிந்ததும் அன்றைக்கே பாயாசம் வைத்துவிட்டார். புருஷன் ஒரு நாளாவது வெளிச்சம் இருக்கும்போது வீட்டுக்கு வருவதைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை.

"கையெழுத்து போட்டுட்டு வந்து படுங்க. ஒங்க கண்ணு குழிக்குள்ள ரெண்டு தறி போடலாம்," என்றார்.

தறி என்ற சொல்லைக் கேட்டதும் சந்திரமோகன் பாயாசத்தைக் கீழே வைத்துவிட்டார்.

வேறு எந்த வீட்டுக்கும் போக அவருக்கு மனசு வரவில்லை. கேட்பதென்றால் சிவப்பிரகாசத்தைத்தான் கேட்க வேண்டும் என்று முள்ளிப்பட்டுக்குக் கிளம்பினார். லைட்டைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். சிவப்பிரகாசம் இப்போது வேறொரு முதலாளிக்கு நெய்கிறார். தறியில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு புடவை ஏறியிருந்தது. வந்த காரணத்தைச் சந்திரமோகன் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. நடுவில் ரெண்டு கொட்டாவி வேறு.

சிவப்பிரகாசம் ஓடிக்கொண்டிருந்த தறி நாடாவை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"இன்னாய்யா இது, சாவுச் சேதி படிச்சி படிச்சி நீயே சாவுச் சேதியாட்டம் ஆயிட்ட?"

"அலுத்துப் போச்சி, சிவா. ஒரே பேஜாரா இருக்குது."

"புது டிசைனு தான். வர மாசம்தான் கடைக்குப் போவுது. இன்னா இப்போ, எடுத்துக்கோ. போன வாட்டி கேக்காம எடுத்த, இந்த வாட்டி கேட்டுகினு நிக்கிற. மொதலாளி கேட்டா நான் பேசிக்கிறேன்."

முதலாளியிடம் அவரால் என்ன பேசிவிட முடியும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நான் லைட்டைப் போட்டேன். அந்தப் புடவை அப்படி மின்னியது, சென்னைப் பெரியவர்கள் பார்த்தால் கையெழுத்தென்ன, கைரேகையையே வைத்துக் கொடுத்துவிடுவார்கள். சந்திரமோகன் கேமராவை வைத்துக் கண்ணைப் பொருத்தினார். பிறகு கண்ணை எடுத்தார். பிறகு மறுபடி பொருத்தினார். கடைசியில் எழுந்து வந்து, தோளிலிருந்த துண்டை உதறி, புடவை மேல் விரித்தார்.

"நீ உம்பாட்டுக்கு எதுனா பேசு," என்று சிவப்பிரகாசத்திடம் சொல்லிவிட்டு, கேமராவை அவர் முகத்துக்குத் திருப்பினார்.

சிவப்பிரகாசம் அரை மணி நேரம் பேசினார். ஹோட்டலில் இலை எடுத்த கதை, கலசப்பாக்கத்து மாப்பிள்ளை ஒருவன் தன் கல்யாண வேட்டியை அயர்ன் பண்ணப் போய்ச் சுட்டுக்கொண்ட கதை. சிரிப்பை அடக்கிக்கொண்டு லைட்டைப் பிடிக்க நான் பட்ட பாடு பெரிது.

ரெண்டு நாள் கழித்து ஆகாஷ் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டதால் அக்காவும் நானும்கூடக் கேட்டோம். நிகழ்ச்சி ரொம்ப நன்றாக இருக்கிறது, அவனே விழுந்து விழுந்து சிரித்தான், ஆனால் பெரியவர்கள் புடவை எங்கே என்கிறார்கள். துண்டை எடுத்துவிட்டு அஞ்சு நிமிஷம் மட்டும் எடுத்துக் கொடுத்தால்கூடப் போதும் என்றான். சந்திரமோகன் முடியாது தம்பி என்றார். ஏன் சார் என்று அவன் கேட்டான். இவர் போனை வைத்துவிட்டார். கொஞ்ச நாளில் கம்பெனி வேறு ஊரில் வேறு சேனலைப் பார்த்துக்கொண்டது.

போனை வைத்த அன்று சாயங்காலம் வாழ்த்தும் சாவும் படிக்க வேண்டிய நேரம் வந்தது. சந்திரமோகன் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்த சாவித்திரி அக்கா அவரையே பார்த்தபடி நின்றார்.

"அந்தத் துண்ட எடுத்திருந்தா இன்னா கொறஞ்சிருக்கும்?"

"அவன் மறுபடி எலை எடுக்கப் போயிருப்பான்."

அக்கா தூக்கைக் கீழே வைத்தார். மேஜை மேல் இருந்த தாள்களை எடுத்து, கேமராவுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டு, என்னைப் பார்த்து, எதை அமுக்கணுமோ அதை அமுக்குய்யா என்றார்.

அமுக்கினேன். பிறந்தநாள் குழந்தையைப் படிக்கும்போது கன்னத்தைக் கிள்ளுவது போலப் படித்தார். ஒரு சாவைப் படிக்கும்போது, ஐயோ இவங்க நல்லவங்களாச்சே, போன மாசம்தான் மார்க்கெட்ல பாத்தேன் என்று நடுவில் சொன்னார். போன் அடித்தது, இந்தம்மா யாருங்க, தினம் வருவாங்களா என்று யாரோ கேட்டார்கள். சந்திரமோகனைக் கேட்டுச் சொல்லலாம் என்று திரும்பினேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியிலேயே நிர்வாக இயக்குநர் தூங்கிப் போயிருந்தார்.

தினமும் வருவாங்க என்று நானே சொல்லிவிட்டேன்.