சுவரில் தொங்கிய சர்டிபிகேட்

1. ஆறு மணி முதல் எட்டு மணி வரை

சென்ற தை மாதம், சம்பா நெல் மில்லுக்கு வரத் தொடங்கிய வாரத்தில், ஒரு கார் என் வீட்டு வாசலில் வந்து நின்றது. திருத்துறைப்பூண்டி சாலையில் ஒரு பழைய புழுங்கலரிசி மில்லை வாங்கியிருந்த இளைஞர் இறங்கினார். பெயர் வேண்டாம். முதலாளித் தம்பி என்றே எழுதுகிறேன்.

"மேஸ்திரி, காலையில ஆறு மணிக்கு வந்து பாய்லரப் பத்த வெச்சு, ஸ்டீம் ஏத்திக் குடுத்துட்டு எட்டு மணிக்குக் கெளம்பிடுங்க. மாசம் எட்டாயிரம், கையில ரொக்கம். பிஎஃப், இஎஸ்ஐ, கையெழுத்துன்னு ஒரு தொல்லையும் கெடையாது" என்றார்.

அவர் என்னைத் தேடி வந்ததில் ஆச்சரியம் இல்லை. நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த மில்லில் பாய்லர் மக்கர் செய்தாலும் முதலில் என் பெயரைத்தான் சொல்வார்கள். உமி அள்ளுகிற ஆளாகச் சேர்ந்து, முப்பத்தெட்டு வருடம் ஒரே மில்லில் இருந்து, பாய்லர் மேஸ்திரியாக வெளியே வந்தவன். பாய்லர் ஓட்டச் சட்டப்படி வேண்டிய சர்டிபிகேட்டுக்கான பரீட்சையில் அதிகாரி கேட்ட எல்லாக் கேள்விக்கும் வாயாலேயே பதில் சொன்னேன். "எங்கய்யா படிச்சே?" என்றார். "பாய்லர் கிட்டதான் சார்" என்றேன். டிப்ளமா படித்த இரண்டு பேர் அன்று பெயில்.

அந்த எட்டாயிரம் எனக்குத் தேவையாக இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மகன் வேலை பார்த்த மஸ்கட் கம்பெனி மூடப்பட்டு, அவன் ஊர் திரும்பி ஆறு மாதம் ஆகியிருந்தது. வீடு என் பென்ஷனில் ஓடியது. அவனும் அவன் மனைவியும் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் வந்து பாக்குறேன் தம்பி. அப்புறம் சொல்றேன்" என்றேன்.

"தாராளமா. சர்டிபிகேட் ஜெராக்ஸ் மட்டும் ஒண்ணு குடுத்துடுங்க, ஒரு ஆதாரத்துக்கு."

கொடுத்தேன். வேண்டுமென்றே கலர் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன்.

2. ராவுத்தர் மில்லில் முதல் நாள்

இந்த இடத்தில் என் பழைய முதலாளி ராவுத்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குப் போன முதல் நாள், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்தேன். ராவுத்தர் ஆபீஸ் அறையிலிருந்து கூப்பிட்டார்.

"டேய், பேரு எழுதுனியா?"

"அப்பறம் எழுதிக்கலாம் முதலாளி, உமி கெடக்கு."

"உமி எங்கயும் ஓடாது. மொதல்ல மஸ்டர் ரோல்ல பேர எழுது. நாளைக்கு உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, இப்படி ஒரு பய இங்க வந்ததே இல்லன்னு நானே சொல்லிடுவேன். எம் மேல எனக்கே நம்பிக்க இல்ல, நீ எப்பிடி நம்புற?"

கணக்குப்பிள்ளை சிரித்தார். நானும் சிரித்தேன். வருகைப் பதிவேடான அந்த மஸ்டர் ரோலில் பெயரை எழுதிவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொட்டேன். இன்று வருகிற பென்ஷன் அந்த எழுத்திலிருந்து வருகிறது. இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். தெரிந்தும்தான் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு டிவிஎஸ் ஐம்பதை எடுத்துக்கொண்டு போனேன்.

3. நான்கு நாள் வேலை

பாய்லர் பழசு, ஆனால் கெட்டுப்போனதில்லை. உமியில் எரிவது. பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைக் காட்டும் கேஜ் கிளாஸ் இரண்டு இருக்க வேண்டும். ஒன்று உடைந்துபோய்ச் சாக்குத் துணியால் சுற்றியிருந்தது. "மாத்தணும் தம்பி" என்றேன். "ஆர்டர் போட்டாச்சு மேஸ்திரி" என்றார்.

இன்னொரு கண்ணாடியைத் தினமும் காலையில் நானே சோதித்தேன். அடியில் உள்ள சின்னத் திருகுக் குழாயைத் திறந்தால் கண்ணாடியில் இருக்கும் தண்ணீர் வெளியே போகும். மூடியதும் பாய்லர் தண்ணீர் சட்டென்று ஏறி நிற்க வேண்டும். ஏறாவிட்டால் வழி அடைத்திருக்கிறது, கண்ணாடி காட்டுவது பொய் என்று அர்த்தம்.

எட்டு மணிக்கு நான் கிளம்பியதும் மாரியம்மாள் என்ற அம்மாள் உமி போட்டுக்கொண்டு பாய்லரைப் பார்த்துக்கொள்வார். ஐம்பது வயதிருக்கும், சுறுசுறுப்பு. அந்தத் திருகுக் குழாயை ஏன் திறந்து மூடுகிறேன் என்று முதல் நாளே கேட்டார்.

"அது மேஸ்திரி வேலம்மா. நீ உமியப் பாரு" என்றேன்.

ராவுத்தர் மில்லில் இருந்தபோதும் இந்த வேலைகளை யாருக்கும் நான் சொல்லிக் கொடுத்ததில்லை. அதனால்தான் என்னை யாரும் அசைக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மில்லில் பூஜை. மோட்டாருக்கு, தராசுக்கு, பாய்லருக்கு எல்லாம் பூ, பொட்டு. பாய்லர் அறைச் சுவரில் புதிதாக ஒரு கண்ணாடி ஃபிரேம். உள்ளே என் சர்டிபிகேட்டின் கலர் ஜெராக்ஸ். கறுப்பு மீசையோடு என் பழைய போட்டோ. அதற்கும் ஒரு கதம்ப மாலை. முப்பத்தெட்டு வருடத்தில் ராவுத்தர் கூட என்னை ஃபிரேம் போட்டதில்லை. வேலையை ஒப்புக்கொள்வது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

4. வசந்தா கேட்டது

கடைத்தெருவுக்குப் போய்விட்டுப் பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். இட்லி எடுத்து வைத்துக்கொண்டிருந்த வசந்தா நிமிர்ந்தாள்.

"உசுரோட இருக்கயிலயே படத்துக்கு மாலை போட்டுட்டாங்களா?"

"ஒனக்கு எல்லாம் கிண்டல். அது மரியாதடி."

"எட்டு மணிக்கு வந்துடுறீங்க. பாய்லரு எத்தன மணி வரைக்கும் ஓடுது?"

"ரெண்டு, மூணு மணி வரைக்கும்."

"அதுவரைக்கும் யாரு பாக்குறது?"

"ஒரு அம்மா இருக்கு."

"அந்தம்மாவுக்கும் சர்டிபிகேட் இருக்கா?"

"இல்ல."

"அப்ப படம்தான் பாக்குதா?"

இட்லித் தட்டை நகர்த்தி வைத்தேன். நாலு நாளாக நான் பார்த்தது இரண்டு மணி நேர வேலை. என் சர்டிபிகேட் பார்த்தது எட்டு மணி நேர வேலை. அங்கே ஏதாவது நடந்தால், வருகிற அதிகாரி சுவரைப் பார்ப்பார், என் பெயர் இருக்கும். எனக்கே ஏதாவது நடந்தால், மஸ்டர் ரோலைப் பார்ப்பார்கள், என் பெயர் இருக்காது. கை கழுவிவிட்டு வண்டியை எடுத்தேன்.

5. சமத்தாக இருந்த பாய்லர்

போய்ச் சேரும்போது பதினொரு மணி. மாரியம்மாள் உமி தள்ளிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, திரும்பி வந்துட்டீங்க?"

"தண்ணி மோட்டர் எப்பம்மா போட்டே?"

"கண்ணாடியில தண்ணி செவப்புக் கோட்டுக்குக் கீழ எறங்குனாப் போடச் சொன்னாரு மொதலாளி. நீங்க போனதிலேர்ந்து எறங்கவே இல்லண்ணே. இன்னிக்கு பாய்லரு சமத்தா இருக்கு."

மூன்று மணி நேரம் நெல் அவித்த பாய்லரில் தண்ணீர் இறங்காமல் இருக்காது. திருகுக் குழாயைத் திறந்தேன். கண்ணாடியில் இருந்த தண்ணீர் போயிற்று. மூடினேன். ஏறி வரவில்லை. அந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீர் உப்பு. மாவு மாதிரி படிந்து வழியை அடைத்திருந்தது. காலையில் ஒரு தடவை சோதித்தால் போதாது, மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டிய தண்ணீர் அது. மாரியம்மாள் இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தது கண்ணாடிக்குள் தங்கிப்போன பழைய தண்ணீரை.

"உமிய நிறுத்து. மோட்டரத் தொடாத. எல்லாரும் வெளிய போங்க" என்றேன். காய்ந்த பாய்லரில் பச்சைத் தண்ணீரை விட்டால் வெடிக்கும். நெருப்பை நானே இழுத்து வெளியே போட்டேன். மாரியம்மாள் போகவில்லை. இன்னொரு கம்பியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்று இழுத்தார். திட்டினேன், கேட்கவில்லை.

ஆறிய பிறகு கம்பி விட்டு வழியைச் சுத்தம் செய்து பார்த்தோம். தண்ணீர் கண்ணாடியின் அடி நட்டைத் தாண்டவில்லை. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது, போலீஸ்தான் எழுதியிருக்கும்.

6. பதில்

முதலாளித் தம்பி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"வெடிக்கலல்ல மேஸ்திரி. அதனாலதான் உங்கள மாதிரி ஆளு வேணுங்குறேன். பன்னெண்டாயிரமா வாங்கிக்கிங்க."

பன்னிரண்டாயிரம். மகனும் மருமகளும் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவது கண் முன்னால் வந்தது. வாங்கிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்ததை மறைக்க மாட்டேன்.

"தம்பி, ரெண்டுல ஒண்ணு. எம் பேர மஸ்டர் ரோல்ல போடுங்க, பாய்லர் அணையிற வரைக்கும் நான் நிக்கிறேன். இல்லன்னா அந்தச் செவுத்துல இருக்கறத எறக்குங்க."

"ரோல்ல போட்டா ஆயிரம் கேள்வி வரும் மேஸ்திரி. உங்க வயசு வேற."

"செவுத்துல மாட்டயில என் வயசு தெரியலயா?"

நானே ஃபிரேமைக் கழற்றினேன். நான்கு நாள் கூலியை நீட்டினார். வேலை செய்தது செய்ததுதான், வாங்கிக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முன் மாரியம்மாளைக் கூப்பிட்டு, திருகுக் குழாயைத் திறப்பது, மூடுவது, தண்ணீர் ஏறாவிட்டால் என்ன செய்வது என்று மூன்று தடவை செய்ய வைத்தேன். முதல் நாள் அவர் கேட்டபோதே சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை. என்னிடம் இருந்த ஒரே பொல்லாத குணம் அது.

அந்த மில்லில் இப்போது சீர்காழிப் பக்கத்திலிருந்து முழு நேர ஆள் ஒருவர் இருக்கிறார், மஸ்டர் ரோலில் பெயரோடு. புதுக் கண்ணாடியும் போட்டாகிவிட்டதாம். பென்ஷன் மட்டும் போதவில்லை என்று மகனிடம் அன்று இரவே சொன்னேன். "இத ஆறு மாசம் முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா" என்றான். இப்போது அவன் அறுவடை மெஷின் ஓட்டும் வேலைக்குப் போகிறான்.

கையில் ரொக்கம் என்று உங்களை யாராவது கூப்பிட்டால் ரொக்கத்தை எண்ணுவது அப்புறம். நீங்கள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு உங்கள் பெயர் அங்கே என்ன வேலை பார்க்கப் போகிறது என்று முதலில் கேளுங்கள்.

அன்று ஃபிரேமை வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு வந்தேன். அதிலிருந்த மாலையைக் கழற்ற மறந்துபோனேன். தெருவில் பார்த்தவர்கள் யார் போனது என்று கேட்டார்கள். "நான்தான், திரும்பி வந்துட்டேன்" என்றேன்.