பனிக்குள் ஒரு மந்தை

கனடாவின் மார்க்கம் நகர நூலகத்தில் சஹாராப் பாறை ஓவியங்களின் புகைப்படங்கள். பாலைவனத்தில் புல் முளைத்த காலத்தில் மாடு மேய்த்தவர்கள் வரைந்தவை. மாட்டுக்கு மாடு புள்ளி வேறு, கொம்பு வேறு. மேய்ப்பவர்களுக்கோ முகமே இல்லை.

“மாட்டை வடிவாக் கீறிப்போட்டு ஆக்களை ஈர்க்குக் குச்சிமாதிரி விட்டிருக்கினம்!” என்னைக் கூட்டிவந்த சாந்தி அக்கா சிரிக்கிறார்.

வெளியே வந்தால் கார்கள் எல்லாம் பனி மூடி ஒன்றுபோல நிற்கின்றன. அக்காவின் கார் ரிமோட் வேலை செய்யவில்லை.

“நம்பர் பிளேட்டைப் பாருங்களேன், அக்கா.”

“நம்பர் ஆருக்கு ஞாபகம்?”

ஒவ்வொரு கார்க் கதவாகக் கையுறையால் துடைத்துக்கொண்டே போகிறார். “உது வேற ஆற்றையோ கார்.” கடைசியில் ஒரு கதவில் பெரிய நெளிவு தெரிகிறது.

“இதுதான் என்ர! கராஜில நான் இடிச்சது” என்று அதன் விலாவில் தட்டிக்கொடுக்கிறார்.